நாரி உளைவு

எங்கள் வீட்டில் ‘முதுகுவலி’ என்று ஒருவரும் சொன்னதில்லை. முள்ளந்தண்டு இடுப்பில் வந்து இறங்குகிற இடத்துக்கு யாழ்ப்பாணத்தில் நாரி என்று பெயர். அங்கே வருவதை வலி என்றும் சொல்லமாட்டோம், நோ என்போம். நாரி நோகுது என்றால் ஒன்று. நாரி உளையுது என்றால் இன்னொன்று. நாரி பிடிச்சிட்டுது என்றால் வேறொன்று. நோ ஓரிடத்தில் நிற்கும். உளைவு நில்லாமல் உள்ளுக்குள்ளே கிடந்து அரிக்கும். பிடிப்பு ஆளை அசையவிடாது. அப்பா இவற்றை ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

1995ஆம் ஆண்டு மாரியில் அவரை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு 16 வயது. மொன்றியலுக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. பாடசாலையில் பிரெஞ்சு படித்ததால் வீட்டுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். அப்பா 1987இல் வந்தவர். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, சமையலறையில் மரக்கறி வெட்டுகிற இடம் வரைக்கும் ஏறியிருந்தார். எப்படியான வலி என்று வைத்தியர் கேட்டார். அப்பா யோசித்து, ஒழுங்காகச் சொன்னார்: “விடியப்புறம் மூண்டு மணிக்கு உளைவு எழுப்பிவிட்டிடும். எழும்பினால் நாரி மரக்கட்டை மாதிரி விறைச்சுப்போய்க் கிடக்கும். நடந்தால் மெல்ல மெல்ல விடும். இருந்தால் திரும்பப் பிடிக்கும். லீவு நாளிலைதான் கூட.”

நான் பிரெஞ்சில் ஒரே ஒரு வசனம் சொன்னேன்: முதுகு வலிக்கிறதாம்.

உளைவுக்கும் விறைப்புக்கும் எனக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனோ தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் அவசரமும் இருந்தது. வைத்தியர் வலி மாத்திரை எழுதினார், பாரம் தூக்கும்போது முழங்காலை மடிக்கச் சொன்னார். அவரைக் குறைசொல்ல என்னால் முடியாது. அவர் கையில் கிடைத்தது என்னுடைய அந்த ஒரு வசனம்தான்.

அதே மாரியில் அப்பா தொடர்ந்து மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. கோட்-டே-நேஜில் எங்களுடையது மொன்றியல் கணக்கில் ‘மூன்றரை’ வீடு. நான் வரவேற்பறைச் செற்றியில் படுப்பேன். விடியப்புறம் மூன்று மணிக்கு அப்பா யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடக்கிற சத்தம் கேட்கும். நாரி நோகிற மனிதன் படுத்துக் கிடக்கவேண்டும், இவர் நடக்கிறாரே என்பது என்னுடைய தர்க்கம். மூன்றாம் நாள் அதைச் சொல்லியும் விட்டேன்: “நடக்க ஏலுமெண்டால் வேலைக்கும் போகலாம்தானே அப்பா.” அவர் பதில் சொல்லவில்லை. சப்பாத்து நூலைக் குனிந்து கட்ட முடியாமல், காலைக் கதிரையில் தூக்கி வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

மற்றவருடைய வலியை நம்புவதற்கு எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு ஒரு தத்துவப் புத்தகத்திலிருந்து வரவில்லை. கதிரையில் வைத்த அந்தக் காலிலிருந்து வந்தது.

அந்தக் கிளினிக் இருந்த இதே நகரத்தில்தான் மக்கில் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அங்கே நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர் றொனால்ட் மெல்சாக். 1929இல் மொன்றியலில் பிறந்தவர், 2019இல் மறைந்தார். காயம் பட்ட இடத்திலிருந்து மூளைக்குப் போகும் மின்கம்பி போல வலியை நினைத்திருந்த காலத்தில், 1965இல் அவரும் பற்றிக் வோலும் வேறு ஒன்றைச் சொன்னார்கள். முண்ணாணில் ஒரு படலை இருப்பதுபோல் எண்ணிக்கொள்ளுங்கள். கீழிருந்து வரும் செய்திகளும் மேலே மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் சேர்ந்துதான் அதைத் திறக்கின்றன, சாத்துகின்றன என்றார்கள். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பது அதிலிருந்து வருகிறது.

மெல்சாக் செய்த இன்னொரு வேலை எனக்கு அதைவிட நெருக்கமானது. நோயாளிகள் வலிக்குச் சொல்லும் சொற்களை அவர் சேர்த்தார். 1975இல் வெளிவந்த மக்கில் வலி வினாப்பட்டியலில் 78 சொற்கள், 20 தொகுதிகளாக இருக்கின்றன. துடிப்பது, குத்துவது, எரிவது போன்ற சொற்களோடு, களைக்கச் செய்வது, பயமுறுத்துவது, தண்டிப்பது என்பவையும் அதில் உண்டு. எவ்வளவு வலிக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மருத்துவத்தை, எப்படி வலிக்கிறது என்றும் கேட்க வைத்தது அந்தப் பட்டியல். அது வெளிவந்து 20 வருடம் கழித்து, அதே நகரத்தில், அப்பா ஐந்து வசனங்களில் கொடுத்த பதிலை நான் ஒன்றாகச் சுருக்கினேன்.

2003இல், லண்டனில் முதுகலைப் படிப்பில் இருந்தபோது, 24 வயதில், விடியப்புறம் மூன்று மணிக்கு என்னுடைய நாரி என்னை எழுப்பியது.

எக்ஸ்றே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. கதிரையை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். மெத்தையையும் மாற்றினேன். மொன்றியலுக்குத் திரும்பி வேலையில் சேர்ந்து, கல்யாணமும் முடிந்து, 2011இல் ஒருவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லும்வரைக்கும் நான் ‘அதிக நேரம் கணினிக்கு முன்னால் இருக்கிற ஆள்’தான். பிறகுதான் பெயர் கிடைத்தது: அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ். கிரேக்கத்தில் அங்கிலோஸ் என்றால் வளைந்தது. ஸ்பொண்டிலோஸ் என்றால் முள்ளென்பு.

இது எலும்பு நோய் போலத் தெரிந்தாலும், தொடங்குவது பெரும்பாலும் எலும்பைக் கட்டி வைத்திருக்கிற நாரில். எங்கள் பாடப்புத்தகத்தில் தொடுப்பிழையம் என்றும் தமிழ்நாட்டில் இணைப்புத் திசு என்றும் சொல்வது இதன் வகைதான். தசைநார் எலும்புக்குள் வேர்விட்டுப் பிடிக்கிற இடங்களில், உடம்பைக் காக்கவேண்டிய படையே உடம்போடு சண்டை பிடிக்கிறது. அந்த அழற்சி முதலில் முள்ளந்தண்டின் அடியெலும்பும் இடுப்பெலும்பும் சந்திக்கிற மூட்டுகளில் பிடிக்கிறது. சாதாரண முதுகுநோ ஓய்வெடுத்தால் தணியும். இது ஓய்வெடுத்தால் கூடும், நடந்தால் குறையும். இரவின் பின்பாதியில் எழுப்பிவிடும். காலையில் விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். வைத்தியர் இதைச் சொல்லச் சொல்ல, எனக்கு என்னுடைய உடம்பு நினைவுக்கு வரவில்லை. யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்த மனிதர்தான் வந்தார். அவருடைய வலி பொய் என்பதற்கு நான் வைத்திருந்த ஒரே ஆதாரம் அவர் நடந்தார் என்பது.

அழற்சி வருடக்கணக்காக நீடித்தால், உடம்பு அந்த இடத்தைத் தன் வழியில் ஆற்றப் பார்க்கிறது. வளையவேண்டிய நார் சிலருக்கு எலும்பாக மாறுகிறது. ஒரு முள்ளென்புக்கும் அடுத்ததற்கும் இடையில் எலும்புப் பாலம் கட்டப்படுகிறது. கடைசியில் முழு முள்ளந்தண்டும் எக்ஸ்றேயில் கணுக்கணுவாக ஒரு மூங்கிலைப்போல் தெரியும். மருத்துவர்கள் அதை மூங்கில் முள்ளந்தண்டு என்றே சொல்கிறார்கள். 1690களில் பேர்னார்ட் கொனர் என்ற ஐரிஷ் வைத்தியர், பிரான்சில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டைப் பற்றி எழுதினார். அதில் இடுப்பெலும்பும் முள்ளென்புகளும் விலாவெலும்புகளும் ஒரே எலும்பாக ஒட்டியிருந்தன. இந்த நோயைப் பற்றிய மிகப் பழைய தெளிவான விவரணைகளில் அது ஒன்று. அந்த எலும்பு யாருடையது, அவர் என்ன சொல்லி முனகினார், பக்கத்தில் இருந்தவர்கள் நம்பினார்களா என்பதெல்லாம் எலும்பில் இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் தெரிகிறது. எக்ஸ்றேயில் எல்லோருக்கும் தெரியும்படி அத்தாட்சி வரும்போது, நடக்கவேண்டியது நடந்து முடிந்திருக்கும். எலும்பாகிப்போன நாரை எந்த மருந்தும் திரும்ப நாராக்காது. மருந்து நன்றாக வேலை செய்யக்கூடிய காலமோ, படத்தில் ஒன்றும் தெரியாத காலம். அந்தக் காலத்தில் இருப்பது ஒரு மனிதர் சொல்கிற சொல் மட்டும்தான். அத்தாட்சி வரட்டும், நம்புகிறேன் என்பவர், உதவக்கூடிய நேரம் கடந்த பிறகு நம்புகிறேன் என்றே சொல்கிறார்.

மருத்துவம் இதை மெதுவாகத்தான் ஏற்றுக்கொண்டது. 1984இல் திருத்திய நியூயோர்க் வரையறையின்படி, எக்ஸ்றேயில் மூட்டு பழுதடைந்திருந்தால்தான் இந்த நோயின் பெயரைத் தரலாம். 2009இல் வந்த புதிய வரையறை, எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லாதவர்களையும் எம்.ஆர்.ஐ. அல்லது இரத்தப் பரிசோதனையின் துணையோடு சேர்த்துக்கொண்டது. அந்த மாற்றத்துக்கு முதல்நாள் இரவும் அடுத்தநாள் இரவும் அவர்கள் ஒரே மூன்று மணிக்குத்தான் எழும்பியிருப்பார்கள். அவர்களுடைய வலியில் ஒரு மாற்றமும் இல்லை. நாங்கள் பார்க்கிற கருவியும் ஏற்கிற விதியும் மாறின.

என்னுடைய தொழிலில் இது தெரிந்த விடயம். வாடிக்கையாளர் ஒருவர், மென்பொருள் சில வேளைகளில் உறைந்துபோகிறது என்று முறைப்பாடு எழுதுவார். நாங்கள் செய்துபார்த்தால் ஒழுங்காக ஓடும். பதிவேட்டிலும் ஒன்றும் இராது. ‘மீண்டும் நிகழ்த்த முடியவில்லை’ என்று எழுதி முறைப்பாட்டை மூடிவிடுவது சுலபம், நானும் மூடியிருக்கிறேன். அனுபவம் உள்ளவர் மூடமாட்டார். எதைப் பதியச் சொன்னோமோ அதைத்தான் பதிவேடு பதியும் என்று அவருக்குத் தெரியும். அந்த மனிதர் சொன்னதை முதலில் உண்மையாக வைத்துக்கொண்டு, எங்கே பார்க்காமல் விட்டோம் என்று தேடுவார். கணினிக்குக் கொடுக்கிற இந்த மரியாதையை அப்பாவுக்கு நான் கொடுக்கவில்லை.

எங்கள் சமூகத்துக்கு அத்தாட்சியோடு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. அப்பா அகதி விசாரணைக்குப் போனபோது, தோள்மூட்டில் இருந்த தழும்பைப் பற்றிய வைத்தியக் கடிதம் ஒன்றைக் கொண்டுபோனார். தழும்பு பெரிய உதவி என்று அந்த நாட்களில் எல்லோரும் சொல்வார்கள். தழும்பு இல்லாமல் வந்தவர்கள், தங்களுக்கு நடந்ததைச் சொல்லால் மட்டும் நிறுவவேண்டியிருந்தது. காட்டக்கூடிய துன்பம்தான் துன்பம் என்பதை நாங்கள் அங்கே படித்துக்கொண்டு, வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். அப்பாவின் நாரியில் தழும்பு இல்லை.

1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இருந்து மீட்கப்பட்ட 155 தமிழரைப் பற்றி இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலில் வந்தவர்கள் என்று பிறகு வெளிப்பட்டது. அந்த ஒரு பொய்யை வைத்து, அவர்கள் சொன்னது எல்லாமே பொய் என்று அன்று பேசியவர்கள் இருந்தார்கள். கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. 1983ஐக் கடந்து வந்த ஒருவர் தன் பாதையைப் பற்றிப் பொய் சொல்லலாம். அதனால் அவர் கடந்து வந்தது இல்லாமல் போய்விடாது. வலிக்கும் அப்படித்தான். வேலைக்குப் போக விருப்பமில்லாத மனிதனுக்கும் நாரி உண்மையாகவே நோகலாம்.

எல்லோரையும் எல்லா வேளையும் நம்பிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கலாம். காப்புறுதிக் கம்பனியும் வேலைத்தளமும் அத்தாட்சி கேட்கத்தான் செய்யும். பொதுப்பணத்தைப் பங்கிடுகிறவர்களுக்கு ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும். அவர்களிடம் நான் கேட்பது, அந்த அளவுகோலால் எதை அளக்க முடியாது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள் என்பதே. ஆனால் வீடு ஒரு காப்புறுதிக் கம்பனி அல்ல. வீட்டில் ஒருவரைத் தவறாக நம்பிவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும், ஒரு கோப்பை தேத்தண்ணி வீணாகும். தவறாக நம்பாமல் விட்டால், அவர் தன் வலியோடு தனியாக விடப்படுகிறார். இரண்டு பிழைகளும் ஒரே எடை அல்ல.

நம்பினால் மட்டும் போதாது என்பதையும் இந்த நோய் எனக்குக் காட்டியது. அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் நோர்மன் கசின்ஸுக்கு 1964இல் இந்த நோய் என்று சொல்லப்பட்டது. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹான்ஸ் செலியே மன அழுத்தத்தைப் பற்றி 1956இல் எழுதிய நூல் அவருக்கு நினைவு வந்தது. கெட்ட உணர்வுகள் உடம்பைக் கெடுக்கும் என்றால் நல்ல உணர்வுகள் சுகப்படுத்தாதா என்று யோசித்தார். வைத்தியசாலையை விட்டு ஒரு ஹோட்டல் அறைக்கு மாறி, உயிர்ச்சத்து சீயை ஏற்றிக்கொண்டு, நகைச்சுவைப் படங்கள் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணித்தியாலம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். அவர் எழுதியது முதலில் 1976இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. 1979இல் புத்தகமாகிப் பெரும்புகழ் பெற்றது. அவருக்கு இருந்தது உண்மையில் இந்த நோய்தானா என்று பிறகு சந்தேகித்தவர்களும் உண்டு. அவருக்கு அது உதவியிருந்தால் எனக்குச் சந்தோசம். ஆனால் அந்தக் கதை மற்றவர்கள் வாயில் எப்படி மாறுகிறது என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். சிரித்தால் போகும் என்பது, போகவில்லையென்றால் நீ சிரிக்கவில்லை என்றாகிறது. மஞ்சள், யோகா, மாச்சத்தைக் குறைத்தல் எல்லாம் இதே பாதையில் வருகின்றன. என் வலியை நம்புகிறார்கள். கூடவே அதற்கு என்னைப் பொறுப்பாளியும் ஆக்குகிறார்கள்.

தமிழில் நோ என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் இருக்கின்றன. உடம்பு நோகிறது என்கிறோம். யாரை நோவது என்றும் கேட்கிறோம். வலிப்பதும் பழிசொல்வதும் ஒரே வினை. வலியைக் கண்டதும் காரணம் தேடுகிறோம், காரணத்தைத் தேடி ஓர் ஆளில் போய் முடிக்கிறோம். பெரும்பாலும் அந்த ஆள் நோகிற மனிதர்தான்.

இனி நான் தள்ளிப்போட்ட விடயத்துக்கு வருகிறேன். 1973இல் லண்டனில் இந்த நோய் உள்ள 75 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 72 பேரிடம் எச்.எல்.ஏ. பி27 என்ற கூறு இருந்தது. நோய் இல்லாத 75 பேரில் 3 பேரிடம்தான் இருந்தது. இந்தக் கூறு பெற்றோரிடமிருந்து வருகிறது. உள்ளவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. என்னிடம் இருக்கிறது. அம்மாவிடமிருந்து வந்ததா, அப்பாவிடமிருந்து வந்ததா தெரியாது. அப்பா 2007இல் இதயநோயால் காலமானார். அவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில்லை, இந்த இரத்தப் பரிசோதனை செய்ததில்லை.

2011இல் எனக்கு நோயின் பெயர் சொல்லப்பட்ட நாளிலிருந்து, அப்பாவுக்கும் இதுதான் இருந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தாங்கமுடியாத ஆவல். அம்மாவின் இரத்தத்தைச் சோதித்தால், அவவிடம் இல்லையென்று வந்தால், அப்பாவிடமிருந்துதான் வந்தது என்று நிறுவலாமே என்றுகூட யோசித்தேன். எதற்காக? அவரிடம் மன்னிப்புக் கேட்பதற்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் காரோட்டிக்கொண்டு போகும்போதுதான் விளங்கியது, நான் இன்னும் அவரிடம் அத்தாட்சி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு இந்த நோய் இல்லை, பெரிய அண்டாக்களைத் தூக்கித் தூக்கி வந்த நோதான் என்று வைத்துக்கொள்வோம். நான் அன்று சொன்ன வார்த்தை அதனால் சரியாகிவிடுமா? நான் அவருக்குக் கொடுக்கவேண்டியிருந்த நம்பிக்கை ஒரு நோயின் பெயருக்கு உரியதல்ல. அது அவருக்கு உரியது.

அம்மாவிடம் பரிசோதனை பற்றி நான் கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன்: “அப்பாவுக்கு உண்மையா நோகுதெண்டு நீங்கள் நம்பினீங்களோ அம்மா?” அவ கொஞ்சம் யோசித்தா. “நம்புறதோ? நான் அப்பிடியெல்லாம் யோசிக்கேல்லை. மனிசன் எழும்பி நடக்குது. நான் சுடுதண்ணி வைச்சன்.” அவ சுடுதண்ணிப் போத்திலைத் துவாயில் சுற்றி அப்பாவின் நாரிக்கு வைத்ததும், சித்தாலேப பூசியதும், தேத்தண்ணி கொடுத்ததும் அந்தச் செற்றியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த எனக்குத் தெரியும். வள்ளுவர் இன்னா செய்யாமையில், பிற உயிரின் நோயைத் தன்னுடையதைப்போல் காக்காவிட்டால் அறிவு எதற்கு என்று கேட்கிறார். அந்த நோயை நிறுவச் சொல்லவில்லை. உள்ளே புகுந்து உணரச் சொன்னாரா என்றும் எனக்குத் தெரியாது. காப்பதைத்தான் சொல்கிறார். அது அம்மாவுக்கு நடு இரவில் செய்கிற ஒரு வேலை.

இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான இரவுகளில் தூங்குகிறேன். தூங்காத இரவுகளில் நடக்கிறேன்.

போன மாரியில் ஒரு திங்கட்கிழமை காலை, என்னுடைய 13 வயது மகள் வயிறு நோகுது என்றாள். அன்று அவளுக்குக் கணிதப் பரீட்சை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. வெப்பமானியும் ஒன்றும் காட்டவில்லை. “எப்பிடி நோகுது?” என்று கேட்டேன். “உள்ளுக்கை முறுக்குது அப்பா” என்றாள். பாடசாலைக்கு அறிவித்துவிட்டு, சுடுதண்ணிப் போத்திலைத் துவாயில் சுற்றிக் கொடுத்தேன். மத்தியானம் எழும்பி இரண்டு தோசை சாப்பிட்டாள். அவளுக்கு அன்று உண்மையாக நொந்ததா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.